கொம்பன் பன்னியும் ஒரு ஜோடிக் கிளியும்



மூணு வாரமா இந்தப் பக்கமே வர முடியல. மக்காச்சோளம் பால் பிடிச்சு முத்துற நேரம், காட்டுப்பன்னித் தொல்லை தாங்கல. ராத்திரி முழுக்கக் காவல். விடிஞ்சா பால் கறக்கணும், மாட்டுக்குத் தட்டு அள்ளிப் போடணும், தண்ணி கட்டணும். எழுதலாம்னு போனைக் கையில எடுத்தா கண்ணு சொருகிடுது.

பன்னி புகுந்த காட்டைப் பாக்காதவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிடறேன். மாடு புகுந்தா மேஞ்சுட்டுப் போயிடும். பன்னி அப்படி இல்லீங்க. ஒரு தட்டைச் சாய்க்கும், கதிரை ரெண்டு கடி கடிக்கும், அடுத்த தட்டுக்குப் போயிடும். தின்றது கொஞ்சம், மிதிச்சு நாசம் பண்றதுதான் அதிகம். தை கடைசியில ஒரு நாள் காலையில போய்ப் பாக்கறேன், கெழக்கு மூலையில பத்து சென்ட் போல பாய் விரிச்ச மாதிரி படுத்துக் கிடக்குது.

அந்த வாரம் சனிக்கிழமை ராத்திரி மக என்கூடக் காவலுக்கு வந்தா. ஒன்பது வயசு. சாளை வாசல்ல கயித்துக் கட்டில்ல படுத்துக்கிட்டு, "ஏம்ப்பா, பன்னிக்கு நம்ம மேல என்ன கோவம்?"னு கேட்டா. அப்பத்தான் எனக்குக் கொம்பன் ஞாபகம் வந்துச்சு. அந்தக் கதையை ஆரம்பிச்சு, சனி ஞாயிறா மூணு வாரம் இழுத்துட்டேன். சொல்லும்போது எனக்குள்ள என்னென்னமோ ஓடுச்சு. அதைத்தான் இன்னைக்கு எழுத உக்காந்திருக்கேன்.

கொங்குப் பக்கம் இருக்கறவங்களுக்கு நான் எந்தக் கதையைச் சொல்றேன்னு தெரிஞ்சிருக்கும். அண்ணன்மார் சாமி கதை. பொன்னர், சங்கர், அவங்க தங்கச்சி அருக்காணித் தங்காள். மத்தவங்களுக்குக் கலைஞர் எழுதின பொன்னர் சங்கர் நாவலோ, 2011-ல வந்த படமோ தெரிஞ்சிருக்கலாம். எங்களுக்கு இது உடுக்கை அடிச்சு ராத்திரி ராத்திரியாப் பாடற கதை. 1965 வாக்குல பிரெண்டா பெக்னு கனடா நாட்டு அம்மா ஒருத்தங்க காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்துல தங்கியிருந்து, இந்தக் கதையைப் பாடச் சொல்லி டேப்புல பதிவு பண்ணிட்டுப் போனாங்க.

எனக்குச் சொன்னது எங்க அம்மிச்சி. முழுப் பரீட்சை லீவுல நானும் தம்பியும் தங்கச்சியும் அம்மிச்சி ஊருக்குப் போயிடுவோம். வாசல்ல வரிசையாப் படுத்துக்குவோம். மூத்தவன் நான், அமைதியானவன். அதனால என்னைப் பொன்னர்னு சொல்லும். தம்பிக்கு மூக்கு மேல கோவம், அவன் சங்கர். தங்கச்சி தங்காள். "என்ற பொன்னரும் சங்கரும் சோறு உண்டாச்சா?"ன்னுதான் அம்மிச்சி கேக்கும். ஊருக்கு ஊரு கதை கொஞ்சம் மாறும். நான் சொல்றது அம்மிச்சி சொன்னபடி.

கதையில சண்டை நெறைய இருக்குதுங்க. கத்தி, குதிரை, படை எல்லாம் உண்டு. சின்ன வயசுல எனக்கும் தம்பிக்கும் அதுதான் புடிக்கும். இப்போ மகளுக்குச் சொல்லும்போது பாத்தா, அதெல்லாம் வேகமா ஓடிப் போயிடுது. நின்னு சொல்ல வேண்டியதா இருக்கறது வேற சில இடங்கதான்.

முதல் இடம் வேலி. பொன்னர் சங்கரோட அப்பாரு காலத்துல நடந்தது. கரும்புக் காட்டுல மாடுக புகுந்து மேயுதுன்னு அந்தப் பெரியவர் வேலியில கூரான கம்பிகளை நட்டு வெச்சுடறார். பசுக்க வழக்கம்போல வேலியைத் தாண்ட வருது. கம்பியில மாட்டிச் செத்துப் போகுது. அந்தப் பாவம் தலைமுறைக்கும் தொடருது. அந்தக் குடும்பத்துல புள்ளை பொறக்காமப் போகுது. இவ்வளவு பெரிய கதையோட மொத்தத் துக்கமும் ஒரு விவசாயி பயிரைக் காப்பாத்த வெச்ச வேலியிலதான் ஆரம்பிக்குது. இதை நான் சொல்லும்போது எனக்குப் பின்னால சாளைக்குள்ள ஒரு கம்பிச் சுருள் கிடந்துச்சு. அதைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

ரெண்டாவது, வறுத்த வெதை. குன்னுடையாக் கவுண்டர் சின்ன வயசுலயே அப்பா அம்மாவை இழந்தவர். பங்காளிக காட்டைப் புடுங்கிக்கிட்டுத் துரத்தி விட்டுடறாங்க. அயலூருல மாடு மேய்ச்சுப் பொழைக்கிறார். மேய்ச்ச வீட்டுப் பொண்ணு தாமரையைக் கட்டிக்கிறார். அண்ணன்மாருக்கு அந்தக் கல்யாணம் புடிக்கல. கட்டின துணியோட ரெண்டு பேரும் சொந்த ஊருக்கே திரும்பி வந்து, பங்காளிககிட்ட வெதை கேக்கறாங்க. அவங்க வெதையை வறுத்துக் குடுக்கறாங்க. மொளைக்காதுன்னு தெரிஞ்சே குடுக்கறாங்க. இவங்களுக்கு அது தெரியாது. புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும் நம்பி வெதைக்கறாங்க. சாமி புண்ணியத்துல அது மொளைக்குது, விளையுது.

மக கேட்டா, "வறுத்தது எப்படிப்பா மொளைக்கும்?" மொளைக்காதுதான் சாமி. நானும் சொசைட்டியில இருந்து கடன்காரங்க வரைக்கும் பாத்தவன், வறுத்த வெதை மொளைச்சு நான் பாத்ததில்ல. ஆனா ஒண்ணும் இல்லாம வந்த ரெண்டு பேரு ஒருத்தரை ஒருத்தர் நம்பி மண்ணுல எறங்கிப் பொழைச்சது நெறையப் பாத்திருக்கேன். எங்க அப்பா அம்மாவே அப்படித்தான். கதை அதைத்தான் சொல்லுதுன்னு நெனைச்சுக்கிட்டேன்.

மூணாவது, தாமரை நாச்சியார் கேட்ட வரம். புள்ளை வரம் கேட்டு இருபத்தொரு வருசம் தவம் இருக்கா. கடைசியில சிவன் மனசு எறங்கி வரம் குடுக்கறார். அப்போ அவ தனக்கு மட்டும் கேக்கலீங்க. "என்ற நாட்டுல மலடுன்னு பேரு வாங்கின பொம்பளைக எல்லாருக்கும் குடு, சினை புடிக்காத மாடு கன்னுக்கும் குடு"ன்னு கேக்கறா. இந்த இடம் வந்தா அம்மிச்சி கொஞ்ச நேரம் பேசாம இருக்கும். அம்மிச்சிக்கு எங்க அம்மா பொறந்ததே கல்யாணமாகிப் பதினோரு வருசம் கழிச்சு. நாங்க சின்னப் பசங்க, "அப்புறம் அம்மிச்சி, அப்புறம்"னு அவசரப்படுத்துவோம்.

பிரசவத்துல பங்காளிக மறுபடியும் வேலையைக் காட்டறாங்க. ஆம்பளைப் புள்ளை பொறந்தா கொன்னுடுன்னு மருத்துவச்சிக்குப் பணம் குடுத்துடறாங்க. அவ தாமரை கண்ணைக் கட்டிடறா. தெய்வம் பாத்து ரெண்டு ஆம்பளைப் புள்ளைகளையும் கோயிலுக்கு அடியில சுரங்கத்துல ஒளிச்சு வெச்சு வளக்குது. தங்காள் மட்டும் அம்மா மடியில வளர்றா. அஞ்சு வருசம் கழிச்சுத்தான் தனக்கு இன்னும் ரெண்டு புள்ளை இருக்குதுன்னு தாமரைக்குத் தெரியுது. பெத்தவளுக்குப் பெத்தது தெரியாம அஞ்சு வருசம். "அவிய அம்மாவுக்குப் பால் கட்டியிருக்குமே"ன்னு இந்த இடத்துல எம்பட வீட்டுக்காரி சமையக்கட்டுல இருந்து சொன்னா. இத்தனை வருசமா எனக்கு அது தோணினதே இல்ல.

அடுத்தது கிளி. தங்காள் கனவுல ஒரு ஜோடிக் கிளியைப் பாக்கறா. வீரப்பூர் காட்டுல இருக்கற கிளிக. அண்ணன்மாருகிட்ட கேக்கறா. தங்கச்சி கேட்டுட்டா அப்புறம் என்ன, சங்கரும் கூடவே இருக்கற சாம்புவனும் காடு மலையெல்லாம் தாண்டிப் போறாங்க. வலை வீசினா ஆண்கிளி மட்டும் மாட்டுது. பெண்கிளி தப்பிச்சுப் பறந்து, அந்தக் காட்டு வேட்டுவர் வீட்டுப் பொண்ணு மடியில போய் விழுந்து அழுவுது. அவளும் ஒரு தங்கச்சிதான். அவளுக்கும் அண்ணன்மாரு இருக்காங்க, நூறு பேரு. அவ கண்ணீரை அவங்களாலயும் பாக்க முடியல. அங்கிருந்து கிளம்பினதுதான் கொம்பன். மலை மாதிரி ஒரு காட்டுப்பன்னி. வந்து பொன்னர் சங்கரோட வயலு, வாய்க்காலு எல்லாத்தையும் உழுது போட்டுட்டுப் போகுது.

இந்தக் கதையை வெச்சு உங்க ஆளுக, எங்க ஆளுகன்னு பேசறவங்க இருக்காங்க. எனக்கு அது வேண்டாமுங்க. அம்மிச்சி சொன்ன கதையில ரெண்டு பக்கமும் தங்கச்சி மேல உசுரு வெச்ச அண்ணனுகதான். நடுவுல ஒரு ஜோடிக் கிளியைப் பிரிச்சாங்க, அவ்வளவுதான்.

எம்மக இங்கதான் அழுதுட்டா. "தங்காள் கிளி கேக்காம இருந்திருந்தா யாருக்கும் ஒண்ணும் ஆயிருக்காதில்லப்பா? அவ மேலதான் தப்பா?"ன்னு கேட்டா. எனக்குச் சட்டுன்னு பதில் வரல. அம்மிச்சி தங்காளை ஒரு நாளும் குத்தம் சொன்னதில்லைன்னு மட்டும் சொன்னேன். அண்ணன்கிட்ட கேக்காம யாருகிட்ட கேப்பா? அதுதான் அம்மிச்சியோட பேச்சு.

அழுத புள்ளையைச் சிரிக்க வெச்சது பொன்னாச்சி. குட்டி நாயி. பொன்னர் சங்கர் கொம்பனை வேட்டையாடப் பெரிய பெரிய நாயெல்லாம் கூட்டிட்டுப் போறாங்க. "நீ எதுக்கு, இத்தினிக்கோண்டு"ன்னு பொன்னாச்சியை வீட்டுல விட்டுட்டுப் போயிடறாங்க. அதுக்குக் கோவம் வந்துடுது. என்னைக் கூப்பிடலையான்னு சாபம் விடுது. அங்க சங்கருக்குக் காய்ச்சல், தலைவலி, எந்திரிக்க முடியல. அப்புறம் ஆளு விட்டு மரியாதையாக் கூப்பிட்டதுக்கு அப்புறம்தான் கிளம்பி வருது. பெரிய நாயிகளால முடியாததை இந்தக் குட்டி பன்னிக்குப் பின்னால பூந்து கடிச்சுச் சாதிச்சுடுது. எங்க கடிச்சதுன்னு அம்மிச்சி விளக்கமாச் சொல்லும், நாங்க உருண்டு உருண்டு சிரிப்போம். வீட்டுல ஒருத்தரைக் கூப்பிடாம விட்டா என்ன ஆகும்னு ஒவ்வொரு கல்யாண வீட்டுலயும் நாம பாத்துட்டுத்தான இருக்கோம்.

கடைசி இடம் படுகளம். அண்ணனும் தம்பியும் வீரப்பூர் காட்டுல உசுரை விட்டுடறாங்க. வீட்டுல தங்காளுக்குக் கெட்ட கனவா வருது. தேடிக்கிட்டுக் காட்டுக்கு வர்றா. யாரும் தொணையில்ல. பெரியக்காண்டி அம்மன் அருளால அண்ணன்மாரு கிடக்கற எடத்தைக் கண்டுபிடிக்கறா. தண்ணி தெளிச்சு எழுப்பறா. எழறாங்க. ஆனா இருக்கறதுக்கு எழலீங்க. தங்கச்சியோட கொஞ்ச நேரம் பேசறாங்க. பேசிட்டு மறுபடியும் படுத்துக்கறாங்க.

நான் கேட்ட எந்தக் கதையிலயும் செத்தவங்க எந்திரிச்சா நல்லா இருந்தாங்கன்னுதான் முடியும். இந்தக் கதையில மட்டும் அப்படி இல்ல. தங்காளோட பாசத்துக்குக் கிடைச்சது கொஞ்ச நேரப் பேச்சு.

மணப்பாறை பக்கம் வீரப்பூருல மாசித் திருவிழா நடக்கும். படுகளம் அங்க இன்னைக்கும் நடக்குது. எங்க அப்பா இருந்தப்போ ஒரு தடவை நாங்க மூணு பேரும் போயிருக்கோம். உடுக்கைச் சத்தத்துக்கு ஆடிக்கிட்டு இருந்த ஆளுக அப்படியே மண்ணுல சாஞ்சுடறாங்க. வெள்ளைத் துணியைப் போத்தி வெச்சுடறாங்க. அப்புறம் தங்காளா அருள் வந்த அம்மா தண்ணி தெளிச்சு ஒவ்வொருத்தரா எழுப்பறாங்க. கூட்டத்துல தம்பி என்ற கையைப் புடிச்சுக்கிட்டு நின்னான். அப்போ அவனுக்கு இருபத்திரண்டு வயசு, மீசை வெச்ச ஆளு. விட்டுடுவான்னு பாத்தேன், கடைசி ஆளு எந்திரிக்கற வரைக்கும் விடல. திரும்பி வரும்போது தங்கச்சி மணப்பாறை முறுக்கு வாங்கி மூணு பேருக்கும் எண்ணிப் பிரிச்சா. அவனுக்கு ரெண்டு கூட.

அந்தத் தம்பியும் நானும் பேசி நாலு வருசம் ஆச்சு.

காரணம் பெருசா ஒண்ணும் இல்லீங்க, எல்லா ஊருலயும் இருக்கறதுதான். அப்பா போனதுக்கு அப்புறம் பாகம் பிரிச்சோம். கிணறு பொது, ஆளுக்கு ரெண்டு நாள் மோட்டார் முறை. வண்டித்தடம் யாரு பக்கம்கிறதுல வார்த்தை தடிச்சுப் போச்சு. நானும் சொல்லக்கூடாததைச் சொன்னேன், அவனும் சொன்னான். அதுக்கப்புறம் முறை மாறறதைக்கூட அவன் பையன் வந்து சொல்லிட்டுப் போவான். தங்கச்சி பொங்கலுக்கு வந்தா காலையில ஒரு வீடு, மத்தியானம் ஒரு வீடு. ரெண்டு வீட்டுலயும் சாப்பிட்டு வயிறு முட்டிப் போய்ப் பஸ் ஏறுவா. அவ கல்யாணம் ஆகி இத்தனை வருசத்துல எங்ககிட்ட கிளி கேட்டதில்ல. "ரெண்டு பேரும் ஒரு வாட்டி ஒண்ணா வந்து என்னைப் பஸ் ஏத்தி விடுங்க"ன்னுதான் கேட்டா. அதைக்கூட நாங்க செய்யல.

அவன் காடு என் காட்டுக்கு மேக்கால. அவனும் மக்காச்சோளம்தான். இந்த மூணு வாரமும் வரப்புக்கு அந்தப் பக்கம் அவன் டார்ச் லைட்டு, இந்தப் பக்கம் என் டார்ச் லைட்டு. ஒரே பன்னிக்கு ரெண்டு பேரும் தனித்தனியாக் காவல். அவன் பக்கம் சலசலப்புக் கேட்டா தகர டப்பாவைத் தட்டுவான். நான் முழிச்சுக்குவேன். என் பக்கம் கேட்டா நான் தட்டுவேன். அதுக்குப் பேரு பேச்சு இல்ல.

இப்போ அந்தக் கம்பிச் சுருள். பன்னி பத்து சென்ட்டைச் சாய்ச்ச அன்னைக்கு டீக்கடையில ஒருத்தரு, "சுத்தியும் கம்பி கட்டி லைன்ல இருந்து நேராக் கரண்ட்டு விட்டுரு, ஒரு ராத்திரியில முடிஞ்சுது"ன்னாரு. அது குத்தம், மாடும் மனுசனும் யானையும் அப்படிச் செத்திருக்குதுன்னு எனக்குத் தெரியாம இல்ல. இருந்தாலும் பயிரு படுத்துக் கிடக்கறதைப் பாத்த கோவத்துல வாங்கிட்டு வந்துட்டேன். ஞாயித்துக்கிழமை கட்டிடலாம்னு இருந்தேன். சனிக்கிழமை ராத்திரிதான் மகளுக்கு அந்த வேலிக் கதையைச் சொன்னது. பசுக்க கம்பியில மாட்டினதைச் சொன்னதும் அவ, "அந்தத் தாத்தா கிளுவ வேலி போட்டிருக்கலாமில்லப்பா?"ன்னு கேட்டா. ஞாயித்துக்கிழமை நான் கம்பியைத் தொடல. சுருள் சாளையிலயே கிடந்துச்சு.

போன செவ்வாக்கிழமை ராத்திரி ரெண்டு மணி இருக்கும். அசதியில நான் தூங்கிட்டேன். மேக்கு வரப்புப் பக்கம் தகரச் சத்தம், ஓடற சத்தம். எந்திரிச்சு டார்ச் அடிச்சா, தம்பி என் காட்டுக்குள்ள நிக்கறான். கால்ல செருப்பு இல்ல. மூச்சு வாங்குது. அவன் காட்டுக்கு வந்த பன்னி இல்ல அது, என் காட்டுல புகுந்த பன்னி. வரப்பைத் தாண்டி ஓடி வந்து முடுக்கியிருக்கான்.

அவன் தாண்டின எடம், நான் கம்பி கட்டலாம்னு குறிச்சு வெச்சிருந்த எடம்.

எனக்குக் கை காலெல்லாம் நடுங்கிருச்சுங்க. அவனுக்கு அது தெரியாது. "எந்தப் பக்கம் போச்சுண்ணா?"ன்னு கேட்டான். நாலு வருசம் கழிச்சு அவன் வாயில இருந்து வந்த மொதப் பேச்சு. "கெழக்கால போயிருக்கும்டா"ன்னேன். ரெண்டு பேரும் கெழக்கு மூலை வரைக்கும் நடந்தோம். பன்னி போயிடுச்சு. வேற ஒண்ணும் பேசல. திரும்பும்போது, "செருப்புப் போட்டுட்டு வரக்கூடாதா, முள்ளு கிடக்குது"ன்னு சொன்னேன். "ம்"னான். போயிட்டான்.

அடுத்த நாளு கம்பிச் சுருளைக் கொண்டு போய்த் திருப்பிக் குடுத்தேன். கடைக்காரர் பாதிப் பணம்தான் தந்தார். போகட்டும். வர்ற ஆடியில மேக்கு வரப்பு நெடுக கிளுவக் குச்சி நடலாம்னு இருக்கேன். அது வரைக்கும் தகர டப்பாதான்.

எல்லாம் சரியாப் போச்சுன்னு எழுதறதுக்கு இது கதையில்லீங்க. தடத்து விவகாரம் அப்படியேதான் இருக்குது. அவன் வீட்டு வாசப்படியை நான் இன்னும் மிதிக்கல. ஆனா நேத்து மோட்டார் முறை மாறுச்சு. பையனை அனுப்பாம அவனே வந்து, "நாளைக்கு உம்பட முறைண்ணா"ன்னு சொல்லிட்டுப் போனான். தங்காள் அண்ணன்மாரை எழுப்பினது கொஞ்ச நேரம் பேசறதுக்குத்தான். நாங்க ரெண்டு பேரும் உசுரோட இருந்துக்கிட்டே நாலு வருசத்தைப் பேசாமக் கழிச்சிருக்கோம். அதை நெனைச்சாத்தான் வெக்கமா இருக்குது.

தங்கச்சிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "சோளம் அடிச்சு முடிச்சதும் வர்றேன், ரெண்டு பேரும் வந்து பஸ் ஏத்தி விடுங்க"ன்னா.

உங்க ஊருப் பக்கம் இந்தக் கதையை வேற மாதிரி சொல்லுவாங்கன்னா எழுதுங்க. பொன்னாச்சிக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு மக கேட்டுட்டே இருக்கா. அம்மிச்சி அதைச் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல. தம்பிக்கு இருக்கும்னு நெனைக்கறேன். கேக்கணும்.